மூன்றாம் நாள் பால்

எழுபத்து நாலாம் வருஷம், ஒரு திங்கட்கிழமை. காலை ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்றபோது, கணக்கப்பிள்ளை ஒரு தபாலட்டையை நீட்டினார். நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வரும் கடிதமெல்லாம் முதலில் தேயிலைத் தோட்ட ஆபீசுக்குப் போகும்; பெரட்டில் வைத்துத்தான் எங்கள் கைக்கு வரும். அட்டையில் போன புதன்கிழமைத் தேதி. ‘உங்கள் தகப்பனாருக்குக் கடுமை. உடனே வரவும். ஆரோக்கியம், ஆஸ்பத்திரி அட்டெண்டன், பதுளை.’

“வெள்ளிக்கெழமையே வந்துருச்சு புள்ள. மேசையில கெடந்தத மறந்துட்டேன்” என்றார்.

“உங்க வீட்டுக் கடுதாசின்னா மறப்பீங்களா?” என்று கேட்டுவிட்டேன். எனக்கு அப்போது வயது பத்தொன்பது, வாய்க்கு ஐம்பது.

அப்புத்தளை ஸ்டேஷனுக்கு மூன்று மைல், ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஏழே முக்கால் கோச்சி, மூன்றாம் வகுப்பு, ஒரு ரூபாய் ஐம்பது சதம். பத்து நாளைக்கு முன் தோட்டத்து லொறியில் அப்பாவைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றியபோது நான் கூடப் போகவில்லை. அது பஞ்ச காலம். ஒரு நாள் வேலைக்குப் பேர் விழாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. ஆனாலும் போயிருக்கலாம். பாவி, போயிருக்கலாம்.

பண்டாரவளையில் ஏறிய துணி வியாபாரி ஒருவர், “பதுளைக்கா மகள்?” என்றார்.

“அப்பாவப் பாக்கப் போறேங்க.”

“அல்லாஹ் சுகத்தைத் தருவான்” என்று சொல்லித் தன் பாண் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். எல்ல ஸ்டேஷன் தாண்டியும் அது கையிலேயே இருந்தது.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரி. அப்பா பேரைச் சொல்லிக் கேட்டேன்; காட்டிய கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார். காக்கிச் சட்டை போட்ட ஒல்லியான ஒருவர் என்னிடம் வந்தார். அவர்தான் ஆரோக்கியம்.

“தங்கச்சி, அப்பா வியாழக்கெழம சாயந்தரம் போயிட்டாரு. சனிக்கெழம வரைக்கும் பாத்தோம், யாரும் வரல. அநாதையாப் போகக் கூடாதுன்னு எங்க கோயில் மயானத்துல நாங்களே பொதைச்சிட்டோம்.”

அப்படியே தரையில் உட்கார்ந்து கத்தி அழுதேன். அவர் போகாமல் பக்கத்திலேயே நின்றார். பிறகு மயானத்துக்குக் கூட்டிப் போனார். ஒரு மைல் இருக்கும். வழியில் தன் வீட்டுக்குள் நுழைந்து ஒரு பையோடு வந்தார்.

புது மண்மேட்டில் மூங்கில் சிலுவை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“எங்கப்பா முனியாண்டிக்குக் கெடா வெட்டுனவரு. இத யாரக் கேட்டு நட்டீங்க?”

அவர் குனிந்து இரண்டு கையாலும் சிலுவையைப் பிடுங்கி மதில் ஓரமாகச் சாய்த்தார். பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார்.

“பொதைச்சு இன்னிக்கு மூணாம் நாளு. பால் தெளிக்கணும்ல?”

“நான் வராமப் போயிருந்தா?”

“நானே தெளிச்சிருப்பேன். எங்களுக்கு அந்த வழக்கம் இல்ல, அவருக்கு இருக்குல்ல.”

தெளித்தேன். “கடைசில யாரு வாயில தண்ணி ஊத்துனது?”

“நான்தான். ‘ராசா’ன்னு கூப்பிட்டு என் கையப் புடிச்சுக்கிட்டாரு. மகன்னு நெனச்சாரு போல. நான் இல்லேன்னு சொல்லல.”

ராசா என் தம்பி. முந்தின வருஷம் பசியிலேயே போய்விட்டவன்.

திரும்பும்போது அவர் வீட்டில் அவர் மனைவி வெறுந்தேத்தண்ணி கொடுத்தார். தொட்டிலில் குழந்தை வீறிட்டது. அந்த அம்மா கஞ்சித் தண்ணீரைப் போத்தலில் ஊற்றிப் புகட்டினார்.

“பால் இல்லையாக்கா?”

“காலையில இருந்துச்சு” என்றவர், கணவரைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பேச்சை மாற்றினார். மயானத்தில் நான் தெளித்தது எந்தப் பால் என்று புரிந்து, தேத்தண்ணியைக் கீழே வைத்தேன்.

அடுத்த வருஷம் நான் ஞானஸ்நானம் எடுத்தேன். மாவுக்கு ஆசைப்பட்டு வேதத்துக்குப் போனாள் என்று லயத்தில் பேசினார்கள். ஒரு சுண்டு மாவுகூட எனக்கு யாரும் தரவில்லை. பேசுகிற வாயை யார் மூட முடியும்?

பால் தெளித்த அன்று மாலை, வீடு திரும்பும் கோச்சியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எங்கள் தோட்டத்தில் அப்பாவைத் தெரியாத ஆளில்லை. அவர் சாகும்போது கையைப் பிடித்திருந்தது முன்பின் தெரியாத ஒருவர். ஹாலிஎல தாண்டியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அந்த ஆளுடைய சாமியை முதன்முதலாகக் கூப்பிட்டேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

“யேசு சாமி, எங்கப்பாவுக்கு இந்த ஊர்ல யாருமில்ல. நான் வீட்டுக்குப் போறேன். நீங்க பாத்துக்கங்க” என்றேன்.