பூச்சட்டிக்குப் பேர் வைத்த அத்தை

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு பிஸ்கட் டின் மேசையைச் சுற்றி வரும். ஆசையாகக் கை நீட்டிவிடாதீர்கள், உள்ளே பிஸ்கட் இருக்காது. ஆளாளுக்குச் செல்போனை அதில் போட்டுவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார வேண்டும். பிறகு சங்கத் தலைவி மார்கரெட், துணிப்பைக்குள் கையை விட்டு மூன்று ஆங்கில எழுத்துகளை எடுப்பார். மூன்றும் உள்ளே வருகிற சொற்களை, மணல் கடிகாரம் ஓடி முடிவதற்குள் எழுதித் தள்ள வேண்டும். எழுத்தைப் போட்டால் சொல்லைக் கொட்டுகிற இணையதளங்கள் வந்துவிட்டன. அதனால்தான் அந்த டின். நடுவில் டின்னுக்குள் கை விட்டவர் அன்றைக்கு அவுட். லீட்ஸுக்குப் பக்கத்துச் சிற்றூர் இது. ஏழு வருடமாக என்னிடம் மழையைப் பற்றி மட்டுமே பேசிய சனங்கள், இந்தச் சங்கத்தில் சேர்ந்த பிறகுதான் என் பெயரைக் கேட்டார்கள். அந்தப் பெயருக்குள் எத்தனை சொல் தேறும் என்று பார்க்கத்தான் கேட்டார்கள் என்பது வேறு விஷயம்.

"உனக்கு எப்படி இவ்வளவு வேகம்?" என்று என் பக்கத்து நாற்காலிக்காரர் கென் கேட்பார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். குடும்பத் தொழில் என்பேன். சிரிப்பார். ஊரில் இருந்து படிக்கிற உங்களுக்குச் சொன்னால் புரியும். ஏழாயிரம்பண்ணையில் எங்கள் அப்பாவுக்குப் பட்டாசு கம்பெனி. சீசனுக்குப் புது ஐட்டம் போடும்போதெல்லாம் ஜோசியர் ராசியான மூன்று எழுத்துகளைக் குறித்துக் கொடுப்பார். வடக்கே போகிற சரக்கு என்பதால் பேர் இங்கிலீஷில் இருக்க வேண்டும். அர்த்தம் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. சாத்தூரில் கான்வென்ட்டில் படித்த நான், தலையணை மொத்தத்துக்கு ஒரு அகராதியோடு உட்கார்ந்துவிடுவேன். பதினாலு வயதில் ஆர், எஸ், எம் மூன்றையும் ஒரே சொல்லில் கண்டுபிடித்தேன். ருமாட்டிசம்! அட்டைப்பெட்டியில் தங்க எழுத்தில் ருமாட்டிசம் கம்பி மத்தாப்பு. அந்தத் தீபாவளிக்குப் பிறகு அப்பா முழங்கால் வலியென்று விருதுநகருக்குப் போனபோது, டாக்டர் வீட்டுக்குள்ளிருந்து அந்தப் பெட்டியை எடுத்துவந்து காட்டி, "உங்க வியாதிக்குப் பேரு இதுதான்யா" என்றாராம். அப்பா அசரவில்லை. "பேருக்கா விக்குது? சரக்குக்குல்ல விக்குது!" என்று சொல்லிவிட்டு, அடுத்த சீசனுக்கும் அதே பேரைப் போட்டார்.

அப்பாவுக்குப் பிறகு இப்போது கம்பெனி அண்ணன் கையில். அவர் தானே யோசித்துப் போடும் முதல் ஐட்டம் ஒரு பூச்சட்டி, அதாவது புஸ்வாணம். ஜோசியரைப் பார்த்துவிட்டு எழுத்தோடு கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். நானும் சரியென்று சொல்லிவிட்டு மறந்துபோனேன். அந்தச் சனிக்கிழமை எங்களுக்குப் பக்கத்து ஊர் நூலகத்தோடு போட்டி. கடைசிச் சுற்றில் சமநிலையில் இருந்தோம். மார்கரெட் பைக்குள் கை விட்ட நேரம், உள்ளே என் போன் அதிர்ந்து டின் மேசைமேல் குதிக்க ஆரம்பித்தது. நின்றது. மறுபடி குதித்தது. நாலாம் தடவை என்னால் தாங்க முடியவில்லை.

"வீட்டில் ஏதாவது அவசரமா?" என்றார் மார்கரெட்.

"அண்ணன் பிள்ளைக்குப் பேர் வைக்க வேண்டும். இப்போதே." பாதிப் பொய். மீதியைச் சொல்ல நேரமில்லை. அத்தனை முகங்களும் மலர்ந்துவிட்டன. நான் டின்னைத் திறந்தேன், ஆட்டத்திலிருந்து அவுட் ஆனேன்.

"எங்கன போயிட்ட பாப்பா? எம்புட்டு நேரமாக் கூப்பிடுதேன்! லேபிள் ஆறு மணிக்குப் பிரஸ்ஸுக்குப் போகணும், விட்டா இந்த சீசனே போச்சு. பி, கே, என். மூணும் வரணும். எம்மக கம்ப்யூட்டர்ல தட்டி லிஸ்டே எடுத்துட்டா. அதுல கிட்நாப்னு ஒண்ணு இருக்கு. கெத்தா இல்ல?"

"அண்ணே, ஆளைக் கடத்துறதுக்குல்ல அந்தப் பேரு!"

"அர்த்தத்த யாரு பாக்கா? ருமாட்டிசம் விக்கலையா?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே உத்தியோகம் அதுதான். அதையும் ஒரு இணையதளம் வாங்கிக்கொண்டது. "லிஸ்டுதான் இருக்குல்ல, அதுலயே ஒண்ண எடுத்துக்கிட வேண்டியதுதான? என்னைய எதுக்குக் கூப்பிட்டீக?" என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

"என்ன பாப்பா பேசுத? பிள்ளைக்குப் பேரு அத்தைதான வைக்கணும்? கம்ப்யூட்டரா வந்து காதுல சொல்லும்?"

எங்கள் பக்கம் வழக்கம் அதுதான். பிறந்த பிள்ளையின் காதில் அப்பாவின் தங்கச்சி மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும். அவள் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கூப்பிடலாம். கண் கலங்கிவிட்டது. நாற்பத்திரண்டு வயதில், ஒரு பூச்சட்டிக்கு அத்தையாக, நூலகத்தின் நடுவில் நின்று அழுதேன். அப்புறம் யோசித்தேன். ஆயுத பூஜைக்குக் கம்பெனி வாசலில் திருஷ்டி சுற்றி உடைப்போமே, அந்தப் பூசணிக்காய். இங்கே அதற்கே கண்ணும் மூக்கும் வெட்டி, உள்ளே விளக்கு வைத்து வாசலில் உட்கார்த்துகிறார்கள். போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு சொன்னேன். பம்ப்கின். பம்ப்கின். பம்ப்கின்.

திரும்பினால் நூலகமே மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. "ரொம்ப... புதுமையான பெயர்" என்றார் கென், மரியாதையாக. நானில்லாமல் ஒரு சொல்லில் தோற்றோம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. குழந்தைதான் முக்கியம் என்றார்கள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், சத்தியமாக எடுத்தேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை மார்கரெட் ஒரு பொட்டலத்தை நீட்டினார். ஆரஞ்சு நிறக் கம்பளி நூலில், அவரே கையால் பின்னிய குட்டி ஸ்வெட்டர். நெஞ்சில் அந்தப் பேர். இதன் பிறகு எந்த வாயால் சொல்வது? வெட்கமாகவும் இருந்தது, அந்தம்மாள் மேல் பிரியமாகவும் இருந்தது. ஊருக்கு அனுப்பி வைத்தேன்.

நேற்று அண்ணன் படம் அனுப்பியிருந்தார். சாத்தூரில் எங்கள் கடைக் கண்ணாடி அலமாரி. வெளியே தார் உருகுகிற வெயில். உள்ளே சாம்பிள் பூச்சட்டிப் பெட்டி, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. கீழே எழுதியிருந்தார்: "அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குன்னு அந்தம்மாட்டச் சொல்லு."

இன்று காலை டின் சுற்றி வந்தது. "பம்ப்கின் எப்படி இருக்கிறாள்?" என்றார் மார்கரெட்.

"ஸ்வெட்டர் கச்சிதம்" என்றேன். அந்தப் படம் இருந்த போனைக் குப்புறக் கவிழ்த்து, டின்னுக்குள் வைத்தேன்.