மேசைக்கு அடியில் ஓர் அம்மா

தையற்காரம்மாவுக்கு வேலையில் பொறுமை உண்டு. ஒரு கழுத்துப்பட்டியை மூன்று தடவைகூடப் பிரித்துத் தைப்பார். மகள் விஷயத்தில் மட்டும் அந்தப் பொறுமை எங்கே போனதோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

மகளுக்குப் பதினைந்து வயது. வாயாடி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகு பேச்சு திரும்பிவிட்டது. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்பதுதான் திரும்பவில்லை. குளிக்கப் போவாள், துண்டெடுக்க வருவாள், வந்த இடத்தில் அப்படியே நின்றுவிடுவாள். பார்க்கிற பெற்றவளுக்கு வயிறு பற்றி எரியும்.

மருத்துவமனை ஏற்பாட்டில் வாரம் ஒருமுறை மடிக்கணினித் திரையில் ஓர் ஆலோசகர் வந்தார். பிரச்சினை என்ன, என்னென்ன வழி இருக்கிறது, எதைச் செய்து பார்க்கலாம் என்று அவளையே யோசிக்க வைப்பது அவர் வேலை. அவர் சரி என்றால்தான் பள்ளிக்கூடத்தில் மறுபடி சேர்ப்பார்கள். இது போதாதா? தையற்காரம்மா மேசைக்கு அடியில் புகுந்துகொண்டார். துணியில் கோடு போடும் சாக்பீஸால் கறுப்புத் துணியில் பதிலை எழுதித் தன் மடியில் விரிப்பார். மகள் குனிந்து பார்த்துக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பாள். ஆலோசகருக்கு வாயெல்லாம் பல். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இந்த வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே வாயாகிப் போனது.

பள்ளிக்குச் சொல்லிவிடலாம் என்று ஒருநாள் ஆலோசகரே சொன்னார். அதற்கு முன்னால் ஒரு பிரச்சினையை அவளாகவே எடுத்துப் பேசட்டும் என்றார். 'புத்தகப் பை அடுக்குவது' என்று அம்மா அவசரமாக எழுதினார். மகள் குனியவில்லை. அம்மா துணியை உதறிக்கூடப் பார்த்தார்.

"எங்கம்மா மேசைக்கு அடியில இருக்காங்க. எழுதி எழுதிக் காட்டுறாங்க. பள்ளிக்கூடத்துல யாரு காட்டுவா? எனக்குப் பயமா இருக்கு."

தையற்காரம்மாவுக்கு உயிரே போய்விட்டது. வெட்கம் ஒரு பக்கம், எல்லாம் பாழாய்ப் போச்சே என்ற ஆத்திரம் ஒரு பக்கம். சரி, இதற்கு என்ன வழி என்று ஆலோசகர் மகளைத்தான் கேட்டார். அவள் ஏதோ ஆரம்பித்தாள், பாதியில் விட்டாள், மறுபடி ஆரம்பித்தாள். அதற்குள் கீழே இருந்தவருக்குப் பத்து வழி தோன்றிவிட்டது. கடைசியில் மகள் குனிந்தாள்.

"அம்மா, நீ வெளிய போறியா?"

போனார். கதவைச் சாத்தும்போது ஆலோசகரின் குரல் கேட்டது: பள்ளிக்கூடம் இப்போதைக்கு வேண்டாம், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கலாம். பிறகு, காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வாய் என்று ஒரு கேள்வி. உள்ளே சத்தமே இல்லை. பதில் தையற்காரம்மாவின் நாக்கு நுனியில் நின்றது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், உள்ளே போகவில்லை.