பஸ் நயினார்

மேடையேறியதும் நயினார் முதலில் செருப்பைக் கழற்றுவார். பார்க்கிறவர்கள் பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள். அவருக்கு வேண்டியது மேடைப் பலகை. பேஸ் கிட்டாரின் சத்தம் காதுக்கு வருமுன் குதிகாலுக்கு வந்துவிடும் என்பது அவர் கட்சி. வெறுங்காலோடு போய், மண்டபத்துக்காரர்கள் வைத்திருக்கும் ஆம்ப்ளிஃபையரின் தலையில் உள்ளங்கையை வைப்பார், காய்ச்சல் பார்ப்பதுபோல.

"இன்னைக்கு இது யாரு பெத்த பிள்ளையோ" என்பார்.

வாரம் முழுக்க தாராவியில் பெல்ட் தைக்கும் பட்டறை. ஞாயிறானால் யாசரின் இசைக்குழுவோடு கல்யாணம், வரவேற்பு. முன்பு நயினாருக்கென்று சொந்தப் பெட்டி இருந்தது. பதினைந்து அங்குல ஸ்பீக்கர். ப்ளைவுட்டை அவரே அறுத்துச் செய்தது. டிரம்ஸ் வாசித்த கரீம் பாட்சாவும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாட்டுங்கா பாலத்துப் படிகளில் ஏற்றுவார்கள். பாதியில் இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்து டீ குடிப்பார்கள். இப்போது எல்லா மண்டபத்திலும் "ஆம்ப் இங்கயே இருக்கு, கிட்டார் மட்டும் கொண்டாங்க" என்கிறார்கள். கரீம் பாட்சா மகனோடு சான்பாடாவுக்குப் போய்விட்டார். பெட்டி வீட்டில் மிக்ஸிக்கு மேஜையாகிவிட்டது. மனைவி இசக்கிசெல்வி சட்னி அரைக்கும்போதெல்லாம் அது லேசாக முனகும். "ஒம்ம மூத்த பொண்டாட்டி கூப்பிடுதா, போய்ப் பாரும்" என்பாள்.

'பஸ் நயினார்' என்ற பெயரும் அந்தக் காலத்தது. பேஸ் என்ற சொல்லை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கிட்டார் உறையில் இருந்த நாலு ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்து 'பஸ்' என்று வைத்துக்கொண்டார். முதல் கச்சேரியில் தன் சத்தம் கேட்காமல், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் இருந்த இந்திக்காரரைப் பார்த்து "பாய், பஸ்! பஸ்!" என்று கத்தினார். இந்தியில் 'பஸ்' என்றால் 'போதும்' என்று அர்த்தம். அவர் குறைத்தார். இவர் இன்னும் கத்த, அவர் இன்னும் குறைத்தார். "கடைசில நான் வாசிக்கேன்னு எனக்கும் கரீமுக்கும் மட்டுந்தான் தெரியும்" என்று இன்றும் சிரிப்பார்.

போன ஞாயிறு செம்பூரில் பகல் வரவேற்பு. ஆம்ப் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. முன்வலை கிழிந்து, ஒரு குமிழ் இல்லாமல். கம்பியைத் தட்டினால் தகரத்தில் புளியங்கொட்டை உருட்டிய சத்தம். கீபோர்டிலிருந்து யாசர் எட்டிப் பார்த்தான்.

"நயினாரண்ணே, போன வாரமும் ஒண்ணும் கேக்கல. இன்னைக்கும் இப்படின்னா அடுத்த ப்ரோக்ராம்ல இருந்து பேஸையும் நானே எடது கையில வாசிச்சுக்கிடுதேன். கோவிச்சுக்கிடாதிய."

"இதுல என்னல கோவம்? அதுக்குத்தான ரெண்டு கை குடுத்திருக்கான்" என்றார் நயினார். ஏற்கெனவே கழற்றியிருந்த செருப்பைக் காலால் இன்னும் தள்ளிவைத்தார்.

பெட்டியை இறக்கிச் சுவர் மூலையில், தரையோடு தரையாக அணைத்து வைத்தார். கிழிந்த வலைக்குள் பட்டறைத் தோல் துண்டொன்றைச் சொருகினார். பேஸ் குமிழைக் கூட்டாமல் குறைத்தார். "திணிச்சா வாந்தி எடுக்கும்லா, பாவம்." மண்டபத்து சவுண்டுக்காரன் ரோஷன் அதன் முன்னால் ஒரு மைக்கைச் சாய்த்துவிட்டு, கூடத்தின் கோடியில் இருந்த மிக்ஸருக்குப் போனான்.

முதல் பாட்டு முழுக்க யாசரின் இடது கை கீழ்க்கட்டைகளிலேயே இருந்தது. நயினார் பாடகியைப் பார்க்கவில்லை, மணமக்களைப் பார்க்கவில்லை. அந்தக் கையையே பார்த்து வாசித்தார். இரண்டாவது பாட்டின் சரணத்தில் அவர் குதிகால் மெல்ல அழுந்தியது. பலகை பேசத் தொடங்கியிருந்தது. முன்வரிசை நாற்காலிக் கால்கள் கிடுகிடுத்தன. யாசரின் இடது கை கட்டைகளை விட்டு எழுந்து, கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்து, மடியில் போய் இறங்கியது.

கோடியிலிருந்து ரோஷன், இன்னும் ஏற்றவா என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

நயினார் ஒரு நொடி வலது கையைக் கம்பியிலிருந்து எடுத்தார். உள்ளங்கையை விரித்துக் காட்டி, முப்பது வருஷத்துக்கு முந்தைய அதே தொண்டையில் கத்தினார்: "பஸ், பாய்! பஸ்!"