மோரின் மேல் போட்ட பழி

மகளுக்கு மூன்று வயது. காலையில் அங்கன்வாடியில் விட்டுவிட்டு மதியம் கூப்பிடப் போவேன். வழியெல்லாம் அவள் எதைத் தொட்டாள், யார் கையால் என்ன தின்றாள் என்று விசாரித்துக்கொண்டே வருவது என் வழக்கம். ஒருநாள், "மோரு குடிச்சேன்" என்றாள். அங்கே சமைக்கும் உதவியாளர் அக்கா தன் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து கொண்டுவரும் மோரில் ஒரு வாய் கொடுத்திருக்கிறார். மறுநாள் மகளுக்கு வயிற்றுப்போக்கு.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில், "அங்கன்வாடியில் சுத்தமில்லாத வீட்டு மோர் கொடுக்கிறார்கள். என் குழந்தை பாதிக்கப்பட்டிருக்கிறாள். கவனமாக இருக்கவும்" என்று பிழையில்லாமல் எழுதிப் போட்டேன். மோர் சுத்தமில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் அதைப் பார்க்கவே இல்லை. அடுத்த நாள் மூன்று பிள்ளைகள் வரவில்லை என்று கேள்விப்பட்டபோது, எப்படி இருந்தது என்பதைச் சொல்லாமல் விடப் பார்க்கிறேன். இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாளும் பேதி நிற்காததால் தக்கலையில் உள்ள குழந்தை டாக்டரிடம் போனேன். வயதான அம்மா. மோர்க் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "வேற மருந்து ஏதும் குடுத்தியா மக்கா?" என்றார்.

"இல்ல டாக்டர்."

"சளிச் சத்தம் கேக்குதே. அதுக்கு?"

போன மாதம் காதுவலிக்கு இவர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாட்டிக் பவுடர், கொதித்து ஆறிய நீர் ஊற்றிக் கலக்கியது, பாதி பாட்டில் பிரிட்ஜ் கதவில் இருந்தது. சளி பிடித்ததும் யாரிடமும் கேட்காமல், அளவு மட்டும் கோடு தப்பாமல் பார்த்து, ஐந்து நாள் கொடுத்திருந்தேன். அதை அப்போதுதான் சொன்னேன்.

"பிரிட்ஜில இருந்தா கெடாதுன்னு நெனச்சேன்" என்றேன்.

"கலக்கினா பத்து நாளைக்குத்தான், பொறவு மிச்சத்தத் தூரக் களஞ்சிரணும். சளி அநேகமா வைரஸாலதான் வரும், அதுக்கு இந்த மருந்து கேக்கவும் கேக்காது. ஆனா குடலுக்குள்ள நல்ல பாக்டீரியா கோடிக்கணக்குல குடியிருக்குல்லா, தின்னத செரிக்க வைக்கதும், கெட்டது வந்து இடம் பிடிக்காமப் பாத்துக்கிடுததும் அதுதான். நீ குடுத்தது அதக் கொன்னிருக்கும். பேதிக்கு அதுதான் காரணமா இருக்கும். மோரு என்ன பாவம் செஞ்சு? அத நீயும் குடுக்கலாம்."

தண்ணீரில் கரைத்துக் கொடுக்க உப்புச்சர்க்கரைப் பொட்டலங்கள் தந்து, வழக்கமான சாப்பாடே போதும், பயப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் மகளை மடியில் வைத்துக்கொண்டு நான் தலையை நிமிர்த்தவில்லை. கல்லூரியில் விலங்கியல் படித்தவள் நான். குடல் பாக்டீரியா வைட்டமின் தயாரிப்பதையும், உடலின் எதிர்ப்புச் சக்தியைப் பழக்குவதையும் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பிள்ளை பெற்றதும் எல்லாமே எனக்குக் கெட்ட கிருமியாகிவிட்டது.

நாலைந்து நாளில் வயிறு சரியானது. குழுவில் மறுபடி எழுதினேன்: "குழந்தை நலம். மோரால் இல்லை என்கிறார் டாக்டர்." அதன் கீழே, "நான் கொடுத்த மருந்தால்" என்று அடித்தேன். பிறகு அதை அழித்துவிட்டு அனுப்பினேன்.

மகளைத் திரும்ப விடப் போன அன்று அந்த அக்கா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ அந்த ஒரு வரி எழுதிப் போட்டியே மக்கா, அதுனாலதான் எனக்குத் தலை நிமிர முடிஞ்சுது. ஆனாலும் சூப்பர்வைசர் மேடம் விளக்கம் எழுதித் தரணும்னுட்டாவ. வேலைய விட்டு நிப்பாட்டிருவாவளோன்னு இருக்கு. நீ படிச்ச பிள்ளல்லா, ஒண்ணு எழுதித் தந்திரியா?"

வெள்ளைத்தாளும் பேனாவும் வந்தன. குழந்தைகளின் சின்ன நாற்காலியில் முழங்கால் மடங்க உட்கார்ந்து, அவர் பெயரில், "நான் அன்று அந்தக் குழந்தைக்கு மோர் கொடுத்தது தவறுதான்" என்று எழுதினேன். அடுத்த வரி வரவில்லை. பேனாவை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், ஐந்து நாள், அழித்த வரி.

அக்கா இன்னொரு நாற்காலியை இழுத்து என் எதிரே உட்கார்ந்தார். பிறகு, "எனக்க மோருதான் காரணம்னு எழுதும்போ உனக்கு இது தெரியுமா?" என்றார்.

"முதல்ல எழுதும்போ தெரியாதுக்கா. ரெண்டாவது எழுதும்போ தெரியும்."

"கொள்ளாம், ரொம்ப நல்லாருக்கு. நான் வேற உனக்கக் கையப் பிடிச்சு நன்றி சொல்லிட்டு நிக்கேன்." என் முன்னால் இருந்த தாளை எடுத்து நாலாக மடித்தார். "இது வேண்டாம். உனக்கப் பேருல எழுது."

எழுதினேன். ஒரு பக்கம் நிறைந்தது. இதற்குள் பிள்ளைகளை விட வந்த இரண்டு தாய்மார்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குழுவில் என் முதல் செய்திக்குக் கட்டைவிரல் காட்டியவர்கள்தான். தாளை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை.

"கண்ணாடி எடுக்கல்ல. வாசி."

வாசித்தேன். மருந்து வரும் வரியில் என் குரல் எனக்கே கேட்காதபடி இறங்கியது.

"கேக்கல்லட்டி" என்றார் அக்கா. "அந்த வரிய இன்னொருக்கா, சத்தமா."

எழுந்து நின்று, அந்த இருவரையும் பார்த்தபடி, இன்னொரு முறை வாசித்தேன்.