மூன்றாவது லெவலுக்கு ஓர் உறுமல்

தங்கை என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் போதும், மெக்கானிக் டெஸ்டர் தன் கையில் இருக்கும் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிடுவான். யாரும் கேட்காவிட்டாலும் வைத்துவிடுவான். வாஷிங் மெஷினின் முதுகைக் கழற்றிப் போட்டுவிட்டு, வீட்டுக்காரர் எங்கும் தப்பிக்க முடியாத நேரம் பார்த்து ஆரம்பிப்பான்.

"எந் தங்கச்சி மியூசிக் டைரக்டர் சார்."

"அப்படியா! எந்தப் படம்?"

"படம் இல்ல சார். கேம். கம்ப்யூட்டர்ல விளையாடுறது."

"ஓ… அந்த டொய்ங் டொய்ங் சத்தமா?"

டெஸ்டர் அந்த இடத்தில் ஸ்குரூ டிரைவரை மறுபடி கையில் எடுத்துக்கொள்வான். டொய்ங் டொய்ங் இல்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனால் வேறு என்னவென்று எடுத்துச் சொல்லத் தெரியாது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன் அவன். ஒரு கம்ப்ரசர் ஏன் சூடாகிறது என்பதை ஒரு மணி நேரம் விளக்குவான். தங்கை ஏன் சம்பளம் வாங்குகிறாள் என்பதை ஒரு வரியில் சொல்ல வராது.

சட்டைப் பையில் எந்நேரமும் கரன்ட் பார்க்கிற டெஸ்டர் செருகியிருப்பதால் தெருவில் அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் பழுது பார்த்து இருபத்திரண்டு வருஷம். எதையும் ஒழுங்காகச் செய்கிறவன் என்று பெயர். அந்தப் பெயரை எடுத்துக் கொடுத்தவன் பெரும்பாலும் அவனேதான். பழுதான ஒவ்வொரு மெஷினின் சத்தத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பான். 'ர்ர்ர்ர் – டக்.' 'உய்ய்ங், நடுவில் இருமல்.' இப்படி ஏழு நோட்டுகள். எட்டாவது பாதியில்.

வேலை செய்யும்போது மூக்கால் ஏதோ முனகுவான். இரண்டே இரண்டு சுரம். ஸ்குரூவை முறுக்கும்போது ஒன்று, கழற்றும்போது மற்றொன்று. குடும்பத்தில் இசை ஞானம் தன் வழியாகத்தான் தங்கைக்கு இறங்கியது என்பது அவனுடைய உறுதியான நம்பிக்கை. அந்த நம்பிக்கையை இதுவரை யாரும் கலைக்கவில்லை. பாவம், சம்பாதிக்கிற மனுஷன்.

இசை அவன் வழியாக வந்ததோ இல்லையோ, கீபோர்டு அவன் வழியாகத்தான் வந்தது. யாரோ வேண்டாமென்று தூக்கிப் போட்டதைக் கொண்டுவந்து சரிசெய்து தங்கைக்குக் கொடுத்தான். மூன்று கட்டைகள் மட்டும் கடைசிவரை பேசவில்லை. பாப்பா அந்த மூன்றையும் தாண்டித் தாண்டியே வாசித்துப் பழகினாள். பாப்பாவுக்கு இப்போது இருபத்தேழு வயது. அவனுக்கு இன்னும் பாப்பாதான்.

விளையாட்டுகள் செய்யும் ஒரு கம்பெனியில் ஆறு மாதத் தற்காலிக வேலை பாப்பாவுக்கு. ஆறாவது மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. புது விளையாட்டில் முதல் இரண்டு லெவலுக்கு அவள் போட்ட இசையை எல்லோரும் மெச்சினார்கள். மூன்றாவதில்தான் வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது. பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய ஐஸ் தொழிற்சாலை. நீளமான நடைவழி, ஐந்து இரும்புக் கதவுகள். பேய் கிடையாது, பிசாசு கிடையாது, துரத்த ஒரு நாய்கூடக் கிடையாது. கம்பெனித் தலைவர் சொல்லிவிட்டார்: "அந்த லெவல்ல ஒண்ணுமே இல்லம்மா. பயம் முழுக்க உன் பொறுப்பு."

அவள் இரண்டு முறை இசை போட்டுக் கொடுத்தாள். விளையாடிப் பார்த்துச் சொல்வதற்கென்றே கம்பெனியில் நான்கு பேர் இருந்தார்கள். முதல் முறை கொட்டாவி விட்டார்கள். இரண்டாம் முறை சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை மூன்றாவது முறை. அதிலும் தேறாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை டெஸ்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான்.

"ஏன் பாப்பா, பயமா இருக்கணும்னா இருட்டாக்கிட வேண்டியதுதானே? லைட்ட அணைக்கச் சொல்லு."

"இருட்டு கண்ணுக்கு அண்ணா. கண்ணு சீக்கிரம் பழகிடும். இங்க பாரு."

அதே நடைவழியைத் திரையில் காட்டினாள். முதலில் ஒரு மெல்லிய புல்லாங்குழல். பள்ளிக்கூடம் விட்ட பிறகு இருக்கிற வராண்டா போல இருந்தது. யாரோ மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸை எடுக்கப் போகலாம். அடுத்து அடியில் ஒரு கனத்த ஒலி. அதே வராண்டா, ஆனால் டெஸ்டருக்கு அந்த டிபன் பாக்ஸே வேண்டாம் என்று தோன்றியது.

"இப்ப லைட்டக் கொறச்சிட்ட."

"இல்லண்ணா, பாட்ட மட்டும்தான் மாத்துனேன்."

"பொய் சொல்லாத. அந்தச் சுவரு முன்னாடி மஞ்சளா இருந்திச்சு."

"இப்பவும் அதே மஞ்சள்தான்."

அவன் நம்பவில்லை. லேப்டாப்பில் வெளிச்சம் குறைக்கும் பட்டன் எது என்று கேட்டு, அதை அழுத்தாமல் அதன்மேல் ஒரு விரலைக் காவல் வைத்துக்கொண்டு, இரண்டையும் மறுபடி போடச் சொன்னான். சுவர் மறுபடியும் நிறம் மாறியது. அவன் விரலை எடுத்துக்கொண்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான்.

அவன் குடித்துவிட்டு வெளியே போன பிறகு, சமையலறையில் நின்ற அண்ணியைப் பாப்பா பார்த்தாள். அண்ணி பிரிட்ஜைப் பார்த்தாள். வீட்டு பிரிட்ஜ் இரண்டு வருஷமாக உறுமிக்கொண்டிருந்தது. 'நாளைக்குப் பாக்குறேன்' என்று டெஸ்டர் சொல்லத் தொடங்கியும் இரண்டு வருஷம். ஊருக்கெல்லாம் காதைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவனுக்கு வீட்டுச் சத்தம் கேட்பதில்லை. பாப்பாவுக்குக் கேட்டது. அந்த உறுமல்தான் அவள் தேடிக்கொண்டிருந்த ஒலி. பதினொரு நிமிஷம் ஓடும், ஓடுவதே மறந்துபோகும். பிறகு உடம்பை ஒரு முறை உதறி, 'டடக்… டக்' என்று நிற்கும். நிற்கும்போதுதான் இவ்வளவு நேரம் எதுவோ கூடவே இருந்தது என்று தெரியும்.

"அண்ணங்கிட்ட மூச்சு விடாதீங்க அண்ணி. சொன்னா உடனே பிரிட்ஜத் தொறந்து சரி பண்ணிடும்."

"ரெண்டு வருஷம் தொறக்காதவரா இப்பத் தொறக்கப் போறாரு?" என்றாள் அண்ணி.

செவ்வாய்க்கிழமைக்குள் பாப்பா உறுமலைப் பதிவு செய்துவிட்டாள். நின்றுபோகும் அந்தக் கடைசி உதறல் மட்டும் பாக்கி. அதற்கு அவளிடம் இருந்த மைக் போதவில்லை. நல்ல மைக் இரவல் வாங்கக் கம்பெனிக்குக் கிளம்பினாள். போகும்போது, பதிவு செய்த உறுமலைச் சமையலறையை ஒட்டிய தன் அறை ஸ்பீக்கரில் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, "ஒரு மணி நேரம் கேட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க அண்ணி" என்றாள். அண்ணி இருபது நிமிஷம் தாங்கினாள். பிறகு வீட்டில் இருக்கவே பிடிக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து டெஸ்டர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தான்.

வீட்டில் யாரும் இல்லை. சமையலறைப் பக்கம் ஒரே உறுமல். அவனுக்கு முகம் சுருங்கிப்போனது. ஒரு மெக்கானிக் வீட்டு பிரிட்ஜா இப்படிக் கத்துவது? வாடிக்கையாளர் எவராவது வந்து கேட்டால் மானம் கப்பலேறிவிடும். அதோடு, வேலை போய்விடுமோ என்று தவிக்கும் பிள்ளைக்கு வீட்டில் அமைதியாவது வேண்டாமா?

டெஸ்டரிடம் ஒரு கண்டிப்பான பழக்கம் உண்டு. எந்த மெஷினைத் திறந்தாலும் முதலில் வீட்டு மெயின் சுவிட்சை அணைப்பான். அணைத்தான். உறுமல் நின்றது. பிரிட்ஜ்தான் குற்றவாளி என்பது சந்தேகமில்லாமல் நிரூபணமாகிவிட்டது. ஸ்பீக்கரும் அதே மெயினில்தான் ஓடுகிறது என்பது அவன் புத்திக்கு எட்டவில்லை. பின்பக்கம் திறந்து பார்த்தால் கம்ப்ரசரைத் தாங்கும் நான்கு ரப்பர் புஷ்களும் கல்லாக இறுகிக் கிடந்தன. புதிது மாட்டினான். மேலே உரசிய செம்புக் குழாயை வளைத்துவிட்டான். இரண்டு சுரமும் மாறி மாறி மூக்கில் ஓடின. நாற்பது நிமிஷம். மெயினைப் போட்டதும் பிரிட்ஜ் பூனைக்குட்டி போல ஓடியது. கரன்ட் போய் வந்ததில் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொண்டிருந்தது. பழைய புஷ்களைக் குப்பையில் போட்டு, குப்பையைத் தெருமுனை வண்டியிலும் கொட்டிவிட்டுக் கை கழுவினான். அரைகுறையாக எதையும் விடமாட்டான்.

பாப்பா இரண்டு கையாலும் மைக்கை ஏந்திக்கொண்டு வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணா, ஏன் வீடு இப்படி இருக்கு?"

"எப்படி?"

"சத்தமே இல்லாம."

"பாத்தியா! உடனே கண்டுபிடிச்சிட்ட. உனக்காகத்தான் பாப்பா. ஒரே அடில முடிச்சிட்டேன்."

பாப்பா சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் அவன் ஏதாவது சொல்லியிருப்பான். மைக்கை மடியில் வைத்துக்கொண்டு, விஷயத்தை முதலிலிருந்து நிதானமாகச் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

புதன்கிழமை டெஸ்டர் லீவு போட்டான். வேலைக்கு வந்த நாளிலிருந்து கெட்டதைச் சரிசெய்யத்தான் கற்றிருந்தான். நல்லதைக் கெடுப்பது எப்படி என்று ஏழு நோட்டிலும் ஒரு வரி இல்லை. எட்டாவது நோட்டில் புதுப் பக்கம் திறந்து, 'கெடுக்கும் வழிகள்' என்று தலைப்பு எழுதி அடிக்கோடு போட்டான். ஒன்று, புஷ்ஷுக்குப் பதில் மரக்கட்டை: உறுமவில்லை, தாளம் போட்டது. இரண்டு, பாட்டில் மூடி: கிலுகிலுப்பை. ஐந்தாவது வழியில் பிரிட்ஜ் தானாக அரை அடி நடந்துவந்து அண்ணியின் காலில் இடித்தது.

"என்னங்க, ரெண்டு வருஷம் கெட்டிருந்தப்ப சரி பண்ணுங்கன்னு கெஞ்சினேன். இப்ப நல்லா இருக்கு, கெடுக்குறீங்க. உங்களக் கட்டிக்கிட்டு…" என்று அண்ணி மிச்சத்தைப் பாத்திரங்களிடம் சொன்னாள்.

கடைசியில் அவன் போகவே கூடாது என்று வைத்திருந்த இடத்துக்குப் போனான். தெருத் திருப்பத்தில் இன்னொரு மெக்கானிக் கடை. பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. 'குப்பை வேலைக்காரன்' என்று அந்த ஆளை ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

"அண்ணே, கெட்டுப்போன கம்ப்ரசர் புஷ் ஏதாவது இருக்குமா?"

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "கெட்டுப்போனதா? யாருக்குப்பா?"

"எங்க வீட்டுக்குத்தான்."

"உன் வீட்டுக்கா! எடுத்துக்கோ, எடுத்துக்கோ. எங்கிட்ட அதுதானே இருக்கும்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்த? இப்ப நம்பித்தானே வந்திருக்க?"

ஐந்து புஷ் கொடுத்தார். சும்மாவே கொடுத்தார். அதுதான் இன்னும் வலித்தது.

வியாழக்கிழமை முழுக்க, பாப்பா மைக்கைக் கம்ப்ரசர் இருக்கும் குழிக்குள் வைத்து ஓடவிட்டுவிட்டு, தன் அறையில் மற்ற வேலைகளைப் பார்த்தாள். டெஸ்டர் தலையை அந்தக் குழிக்குள் நுழைத்துக்கொண்டு ஒவ்வொரு புஷ்ஷாக மாட்டினான், கழற்றினான், மாட்டினான். பிரிட்ஜ் உறுமியது, ஆனால் அது வேறு யாரோ வீட்டு பிரிட்ஜின் உறுமல். நின்றபோது 'டொப்' என்று நின்றது. அந்த 'டடக்… டக்' வரவே இல்லை. மாலை நான்கு மணிக்கு நோட்டில் 'முடியவில்லை' என்று எழுதித் தேதி போட்டான். எழுதிய பிறகு அதைப் பாப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினான். மன்னிப்புக் கேட்க அவனுக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான்.

பாப்பா நோட்டை வாங்கிப் படித்தாள். ஐந்தாவது வழியில் கொஞ்சம் சிரித்தாள். "இரு, பதிவானதுல ஏதாவது தேறுதான்னு பாக்குறேன்" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவன் வாசற்படியில் நின்றான். கால் மணி நேரம். திடீரென்று அவள் முதுகு நிமிர்ந்தது. எதையோ இழுத்து வேகத்தைக் குறைத்தாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு அந்த ஒலியை ஸ்பீக்கரில் போட்டாள்.

இரும்புக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. குரலா, காற்றா என்று தெரியவில்லை. கீழே ஒரு இழுப்பு, மேலே ஒரு இழுப்பு. எதையோ தேடித் தேடிக் கிடைக்காத ஒருவர் மூச்சு விடுவது போல.

டெஸ்டர் ஓர் அடி பின்வாங்கினான். "யாரு பாப்பா இது? உடம்பு சரியில்லாத ஆளு மாதிரி இருக்கே. ஆஸ்பத்திரில எடுத்ததா?"

அண்ணி சமையலறையிலிருந்தே சொன்னாள். "நீங்கதாங்க அது. கல்யாணம் ஆனதுலேருந்து கேட்டுக்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

வெள்ளிக்கிழமை மதியம், யாரோ ஒருவர் வீட்டு மாடியில் டெஸ்டர் வாஷிங் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அண்ணா, நாலு பேரும் ஆடிட்டாங்க. ஒருத்தர் ஹெட்போனக் கழட்டிட்டுப் பின்னாடி திரும்பிப் பாத்தாரு. ஒருத்தர் மூணாவது கதவு வரைக்கும் போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வந்தாரு, அதுக்கு மேல போகவே மாட்டேன்னுட்டாரு."

"அப்புறம்?"

"தலைவர் கேட்டாரு, யாரும்மா பாடினதுன்னு. எங்க அண்ணன்னு சொன்னேன். பெரிய பாடகரான்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"பிரிட்ஜ் மெக்கானிக்னு சொன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சாரு. வேலைய நிரந்தரமாக்கிட்டாங்கண்ணா."

டெஸ்டர் படியில் உட்கார்ந்துகொண்டான். குடும்பத்தின் இசை ஞானம் தன் வழியாகத்தான் இறங்கியது என்பதற்கு இப்போது ஆதாரமே கிடைத்துவிட்டது. இனிய குரல் என்று யாரும் சொல்லவில்லை என்பது ஒரு சின்ன விஷயம். அதை அவன் நோட்டில் ஏற்றவில்லை.

விளையாட்டு வெளிவந்ததும் பாப்பா அவனை உட்காரவைத்து ஆடச் சொன்னாள். சுவர் மஞ்சளாகத்தான் இருந்தது. இந்த முறை கவனமாகப் பார்த்துக்கொண்டான். முதல் கதவு. இரண்டாவது கதவு. உறுமலுக்கு அடியிலிருந்து அவனே அவனைப் பார்த்து மெல்ல முனக ஆரம்பித்தான். மூன்றாவது கதவருகே வந்ததும், "எனக்கு ஒரு வேலை இருக்கு பாப்பா" என்று எழுந்துவிட்டான். பிரிட்ஜில் கடைக்காரரின் கெட்டுப்போன புஷ்கள் அப்படியே இருக்கின்றன. நாளைக்குப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வீட்டில் பிரிட்ஜின் பின்பக்கம் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தான். உள்ளறையிலிருந்து அந்த வீட்டுப் பெண், கல்லூரி முடித்த வயது, கழுத்தில் ஹெட்போனோடு வந்து சுவரோடு ஒட்டி நின்றாள்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. அந்த முனகலக் கொஞ்சம் நிறுத்துறீங்களா? எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

டெஸ்டர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான். முகம் பூரித்துப் போயிருந்தது.

"எத்தனாவது கதவு வரைக்கும்மா போனீங்க?"

அவள் வாயைப் பிளந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அஞ்சையும் தாண்டிட்டேன்."

டெஸ்டர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மூணாவதுக்கு அந்தப் பக்கம் என்னம்மா இருக்கு?"

"ஒண்ணுமே இல்லண்ணா," என்றாள் அவள்.