பதினோராம் பக்கத்து ஓடை

நில எடுப்புச் சட்டத்தின் 5-ஏ பிரிவில் குழப்பம் எதுவும் இல்லை. ஒரு நிலத்தை அரசு எடுக்கப்போவதாக அறிவிக்கை வந்தால், அதில் அக்கறை உள்ள எவரும் முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபணை தெரிவிக்கலாம். தெரிவித்தவரை அழைத்து அவர் சொல்வதைக் கேட்டாக வேண்டும். நிலம் கோரும் துறையிடமிருந்து பதில் வாங்கி, அதன் நகலையும் அவருக்குத் தர வேண்டும். அக்கறை உள்ளவர் என்றால் பட்டாதாரர் மட்டுமல்ல. அந்த நிலத்தின் வழியே நடந்துபோகவோ, தண்ணீர் வடியவோ உரிமை கோருபவரும் அதில் அடக்கம் என்று மூன்றாவது பிரிவு சொல்கிறது. இதெல்லாம் ஓய்வுபெற்ற பிறகு நூலகத்தில் உட்கார்ந்து படித்ததல்ல. 1991இல், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வாடகை வீட்டு மாடியில் இயங்கிய நில எடுப்பு அலுவலகத்தில் நான் உதவியாளராக இருந்தபோதே எனக்கு மனப்பாடம். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளும் வசதி எனக்கு இல்லை.

அந்த ஆண்டு செப்டம்பரில், முப்பது நாள் கெடுவில் இருபத்தாறாம் நாள் என்று நினைவு, ஒரு கல்லூரி மாணவி படியேறி வந்தாள். காஞ்சிபுரத்தில் பொருளாதாரம் இரண்டாமாண்டு. மண்ணூருக்கு அப்பால் ஒரு சிற்றூரின் காலனியில் வீடு. கையில் கோடு போட்ட தாளில் எழுதி, மூலையில் நூல் கோத்துக் கட்டிய பதினான்கு பக்கங்கள். முதல் பக்கத்தில், ‘இன்றைய சமூகப் பொருளாதாரப் பிரச்சினைகளும் எங்கள் ஊரும்: ஒரு கல்லூரி மாணவியின் கருத்து' என்று தலைப்பு. கல்லூரிக் கட்டுரைப் போட்டிக்கு எழுதியதாம். முதல் பரிசு கிடைத்ததாம். அதன் மேலே ‘பெறுநர்: தனி வட்டாட்சியர்' என்று ஒரு வரியைப் புது மையில் சேர்த்து எங்களிடம் கொண்டுவந்திருந்தாள்.

தனியாக ஒரு மனு எழுதியிருக்கலாமே என்று கேட்டேன். ஊரில் யாரும் கையெழுத்துப் போட வரவில்லை என்றாள். அது எனக்குப் புரிந்தது. அந்த மே மாதத்தில் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த கொலைக்குப் பிறகு, சாதாரண உடையில் போலீஸார் ஊர் ஊராக வந்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள். லாட்ஜில் தங்கியவன், சைக்கிளை வாடகைக்கு எடுத்தவன் என்று எல்லோருடைய பெயரும் ஏதோ ஒரு நோட்டில் ஏறிக்கொண்டிருந்தது. தாளில் பெயர் எழுதுவதென்றாலே ஜனங்கள் ஒதுங்கிப்போன காலம். கூட்டு மனு கிடைக்காததால், தான் மட்டும் எழுதி, தான் மட்டும் கையெழுத்திட்டிருந்த கட்டுரையையே எடுத்து வந்துவிட்டாள்.

அன்று அதை முழுவதும் படித்தேன். ஒரு வார்த்தையும் விடவில்லை. ரூபாயின் மதிப்பைக் குறைத்ததில் முதல் அடி யாருக்கு விழும் என்று இரண்டு பக்கம். வெளிநாட்டுக் கம்பெனிகள் வரப்போகின்றன, இந்தச் சாலை நெடுகக் கட்டடம் எழும்பும், வேலை வரும், ஆனால் அந்த வேலை நிரந்தரமாக வராது என்று இரண்டு பக்கம். உற்பத்தி லைனில் நிற்கப் பெண்களைத்தான் கேட்பார்கள், ஏனென்றால் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்று எண்ணுவார்கள் என்று ஒரு பத்தி. சம்பாதிக்கிற பெண் என்பதால் வரதட்சிணை குறையாது, சம்பளத்தைக் காட்டியே கூடுதலாகக் கேட்பார்கள் என்று இன்னொரு பத்தி. நஞ்சையெல்லாம் லாட்ஜாகும் என்று ஒரு வரி. பத்தொன்பது வயதுப் பெண்ணின் ஆவேசம் என்று அப்போது நினைத்தேன். இன்று ஒரகடம் சாலையில் ஷிப்ட் பஸ்கள் வரிசையாகப் போகையில், ஜன்னலோரம் தூங்கி வழியும் பெண்களைப் பார்க்கிறேன். கழுத்தில் தொங்கும் அட்டையில் ஒப்பந்தக்காரரின் பெயர் இருக்கிறது. நிலம் கோரிய துறை வெளியிட்ட எந்தத் திட்ட அறிக்கையும் இந்தப் பதினான்கு பக்கம் அளவுக்குப் பலித்ததில்லை.

எட்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்தது: ‘நான் தொழிற்சாலையை எதிர்க்கவில்லை. படித்து முடித்ததும் அதில் வேலைக்குப் போகவே விரும்புகிறேன்.' பதினோராம் பக்கத்தில்தான் எங்கள் அலுவலகத்துக்கு வேண்டிய ஒரே செய்தி. எடுக்கப்போகும் நிலத்தின் நடுவே ஓர் ஓடை இருக்கிறது. பத்து மாதம் வறண்டு கிடப்பதால் புல வரைபடத்தில் அது இல்லை. மேலே ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் இறங்கும். அதைத் தூர்த்து மதில் கட்டினால், தண்ணீர் திரும்பிக் காலனிக்குள் வரும். கீழே பென்சிலால் ஒரு படம். ஏரி, பள்ளம், காலனி, அதில் சிறு கட்டமாக அவள் வீடு.

“படிச்சிட்டீங்களா சார்?”

“படிச்சேம்மா.”

“பதினொண்ணாம் பக்கம்?”

“அதையுந்தான்.”

“வீட்டுக்கு ஒரு வேலைன்னு ஊர்ல சொல்லிக்கினு இருக்காங்களே சார், அது எந்த ரூல்ல இருக்கு?”

“எந்த ரூல்லயும் இல்ல.”

“அப்போ யாரு சொன்னது?”

“சொன்னவங்களத்தான் கேக்கணும்.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்களுக்குள் ஏதோ உடன்பாடு ஏற்பட்டுவிட்டதாக அவள் நினைத்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் நில அளவருடன் கல் நடப் போனேன். மாணவி முன்பே வந்து வரப்பில் நின்றிருந்தாள். பள்ளத்தில் இறங்கினேன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆனால் காலடியில் மண் மட்டும் வேறாக இருந்தது. மேட்டில் செம்மண், இங்கே சலித்து எடுத்தது போன்ற மணல். ஓரத்து வேலிகாத்தான் புதரில் வைக்கோலும் சுள்ளியும் கிழிந்த சாக்குத் துண்டும் மக்கிப்போய்த் தொங்கின. ஏதோ பறவைக் கூடு என்று நினைத்தேன்.

“கூடு இல்ல சார். தண்ணி கொண்டாந்து மாட்டிட்டுப் போனது. ஆறு வருசம் முன்னாடி, நான் எட்டாவது படிக்க சொல்லோ.”

புதரை ஒட்டிப் போய் நின்றேன். அந்தச் சாக்குத் துண்டு என் சட்டைப் பைக்கு நேராக இருந்தது. நான் குள்ளமானவன் அல்ல. எருமையின் மணி ஒலித்துக்கொண்டிருந்த அந்த வெயிலில், சட்டைப் பைமேல் கை வைத்துத் தண்ணீர் வந்த உயரத்தை அளந்து பார்த்தேன். நில அளவர் மேட்டிலிருந்து, “அங்க இன்னா சார் தேடுறீங்க? கல்லு இங்க நடணும்” என்று கூப்பிட்டார். ஏறிப் போனேன்.

ஆட்சேபணை என்று ஒரு தாளை ஏற்றுக்கொண்டால் அதற்குத் தனி எண் தர வேண்டும். எண் தந்தால் விசாரணைக்கு அழைப்பு, துறைக்கு நகல், துறையின் பதில், அந்தப் பதிலுக்கு மனுதாரரின் மறுப்பு என்று மூன்று மாதம் ஓடிவிடும். அதுவரை கோப்பு நகராது. தனி வட்டாட்சியர் தாள்களை மேசைமேல் புரட்டிவிட்டு, “இன்னா சார் இது, பார்லிமெண்ட்ல படிக்க வேண்டியத நம்மகிட்ட குடுத்துட்டுப் போயிருக்கு?” என்றார். உத்தரவு எதுவும் போடவில்லை. குறிப்பு எழுதியவன் நான்தான். ‘மனுதாரர் பட்டாதாரர் அல்லர். திட்டத்தை எதிர்க்கவில்லை எனத் தாமே எட்டாம் பக்கத்தில் தெரிவித்துள்ளார். எனவே இதனை ஆட்சேபணையாகக் கொள்ள இயலாது. பொது மனுவாகப் பாவித்துத் துறையின் குறிப்புரைக்கு அனுப்பலாம்.' மூன்றாவது பிரிவை அதில் குறிப்பிடவில்லை. வாக்கியங்கள் நன்றாக வந்திருந்தன. எந்தத் தணிக்கையிலும் நிற்கும். வட்டாட்சியர் பச்சை மையில் கையெழுத்திட்டு, “உங்களாட்டம் நாலு பேர் இருந்தா போதும் சார்” என்றார். அன்று வீட்டுக்குப் போகும்போது நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

விசாரணை நாளில் அவள் வந்தாள். அழைப்பு அனுப்பவில்லை, யாரோ சொல்லி வந்திருக்கிறாள். வராந்தாவில் காலையிலிருந்து நின்றாள். பட்டாதாரர் இரண்டு பேர் உள்ளே போய், நிலத்தை எடுக்கக் கூடாது என்று கடமைக்கு வாயால் சொல்லிவிட்டு, எழுதி எதுவும் தராமல் வெளியே வந்தார்கள். அவள் பெயரை யாரும் கூப்பிடவில்லை. மதியம் என் மேசைக்கு வந்து, ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டாள். “காலேஜ்ல இதுக்கு மார்க் போடுவாங்கம்மா. இங்க நம்பர் போட மாட்டாங்க” என்றேன். பக்கத்து மேசைக்காரர் உரக்கச் சிரித்தார். அவ்வளவு கச்சிதமான வாக்கியத்தை என் பணிக்காலத்தில் அதற்கு முன்னும் பின்னும் நான் பேசியதில்லை. “பதில் வரும்ல சார்?” என்றாள். துறையிடம் கேட்டிருக்கிறோம், வரும் என்றேன்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய அப்பா வந்தார். செங்கல் சூளையில் வேலை. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

“எம் பொண்ணு இங்க எதுனா எழுதிக் குட்த்துச்சா சார்?”

“ஆமாம். நல்லாவே எழுதியிருக்கு.”

“நல்லா எழுதுனா இன்னா சார், பேரு அட்ரஸ் எல்லாம் போட்டுக்கீதாமே. மஃப்டில வந்து ஒவ்வொரு வூடா கேட்டுக்கினு கீறான். பையனுக்கு வேற, கம்பெனில வேல தரேன்னு சொல்லிக்கிறாங்க. இத்தப் பாத்தா குடுப்பானா?”

“இதுக்கெல்லாம் போலீஸ் வராதுப்பா.”

“அப்பிடின்னா அத்த வாபஸ் வாங்கிக்கினு போறேன் சார்.”

வாபஸ் வாங்குவதானால் மனுதாரரே எழுதித் தர வேண்டும் என்று விதியைச் சொன்னேன். அந்த விதி மட்டும் அன்று எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. அவர் கும்பிட்டுவிட்டு இறங்கினார். படிக்கட்டில் ஒரு நிமிடம் நின்று திரும்பி, “அது சொல்றது பொய்யில்ல சார், தண்ணி வரும்” என்றார். பிறகு, அதைச் சொன்னதே தப்பு என்பது போல வேகமாகப் போய்விட்டார்.

அடுத்த கோடையில் நிலம் கைமாறியது. லாரி லாரியாகச் சரளை வந்து பள்ளத்தை நிரப்பியது. ஆறடிக்கு மதில் எழுந்தது. அவளுடைய அண்ணனுக்கு வேலையும் கிடைத்தது. ஒப்பந்தக்காரரிடம், மதிலின் உட்புறம் புல் வளர்க்கும் வேலை. நான் துறைக்கு நினைவூட்டுக் கடிதங்கள் அனுப்பிக்கொண்டிருந்தேன். முறைப்படி மாதம் ஒன்று. எட்டோ ஒன்பதோ போயிருக்கும். பஸ்ஸில் அந்த வழியே போகும்போதெல்லாம் மதிலைப் பார்ப்பேன். புதுச் சுண்ணாம்பில் பளிச்சென்று இருக்கும். மேகம் கறுத்த நாட்களில் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்துகொள்வேன்.

நவம்பரில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. இரண்டாம் நாள் முற்பகலில் ஏரி வழிந்தது. தண்ணீர் பழைய பள்ளத்தைத் தேடி வந்து, மதிலில் மோதி, அதன் ஓரமாகவே திரும்பிக் காலனிக்குள் இறங்கியது. பதினோராம் பக்கத்துப் பென்சில் கோட்டின் மேலேயே நடந்தது போல. பட்டப்பகல் ஆனதால் பிள்ளைகளைப் பள்ளிக்கூட மேட்டுக்கு ஏற்றிவிட முடிந்தது. மண்சுவர் வீடுகள் உட்கார்ந்துவிட்டன. பிள்ளைகளை ஏற்றிவிட்டு, வேறு யாராவது வீட்டில் இருக்கிறார்களா என்று பார்க்கத் திரும்பிப் போன அவளுடைய அப்பா மட்டும் அன்று கிடைக்கவில்லை. மறுநாள், மதிலின் திருப்பத்தில் கிடைத்தார்.

பாதிக்கப்பட்டவர்களின் பட்டியல் எடுக்க என்னையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் பெண்கள் படுத்திருந்தார்கள். சுவரோரம் அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் தலை வைத்து அம்மா கிடந்தார். குடும்ப உறுப்பினர்களின் பெயர்களைச் சொல்லச் சொன்னேன். சொன்னாள். அப்பாவின் பெயரை முதலில் சொல்லி, “எழுதிக்கினீங்களா?” என்று கேட்டாள். எழுதினேன். எழுந்து நகரும்போது, குரலை உயர்த்தாமல் கேட்டாள்:

“இப்போ நம்பர் போடுவாங்களா சார்?”

அறையில் யாருக்கும் அது விளங்கவில்லை. துறையிலிருந்து பதில் இன்னும் வரவில்லை என்றேன். அது உண்மைதான். நான் அவளிடம் சொன்னவை எல்லாமே உண்மைதான். கல்லூரியை விட்டுவிட்டு, மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கப் போனாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். எட்டாம் பக்கத்தில் எழுதியபடியே.

பதில் வந்தது. ஒன்றரைப் பக்கம், நல்ல தட்டச்சு. மனுதாரரின் கருத்துகள் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டனவாம். அலுவலர் ஒருவர் நேரில் சென்று தலத்தைத் தணிக்கை செய்தாராம். மனுவில் கூறப்பட்ட ஓடை எதுவும் அந்த நிலத்தில் காணப்படவில்லையாம். மதிலும் புல்வெளியும் மட்டுமே உள்ளனவாம். எனவே மனு ஏற்கத்தக்கதல்ல. இதன் நகலை மனுதாரரிடம் சேர்ப்பித்து, ஒப்புதல் கையெழுத்துப் பெற்று அறிக்கை அனுப்பக் கோரியிருந்தார்கள். வரும் தபாலில் அலுவலக முத்திரை குத்தித் தேதி போடுவது என் வேலை. பொங்கல் விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த திங்கட்கிழமை அது. முத்திரையை மையில் நன்றாக ஒற்றி எடுத்து, நேராகக் குத்தினேன். 18 ஜனவரி 1993.