ஏரியில் ஒரு வெள்ளைப் புள்ளி

கணினியின் கிராபிக்ஸ் கார்டைப் பாதுகாப்பாக வேகப்படுத்துவது எப்படி என்று யாராவது கேட்டால் இன்றும் அரை மணி நேரம் பேசுவேன். எல்லாவற்றையும் சரியாகவே சொல்வேன். கடைசியில் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். அந்தச் சோதனையை நான் செய்யவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். செய்தேன், பார்த்தேன், மறைத்தேன்.

இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ இருக்கும். பெங்களூர் தொம்மலூரில் பழைய ஊருக்குள், மாடியில் ஒற்றை அறையில் நானும் என் நண்பனும் குடியிருந்தோம். அவன் ஆம்பூர், நான் வாணியம்பாடி. கல்லூரியில் ஒரே பெஞ்ச். நான் கணினி பழுது பார்க்கும் கடையில் வேலை செய்தேன். அவன் யாரோ ஒரு மருந்து வியாபாரியின் வெப்சைட்டை மேய்த்துக்கொண்டிருந்தான். அந்த வேலையை அவன் மதித்ததே இல்லை. வீடியோ கேம் செய்யும் ஸ்டூடியோவில் சேர வேண்டும், திரையில் தெரியும் உலகத்தை எழுதுகிறவனாக வேண்டும், அதுதான் அவனுக்கு எல்லாம்.

அதற்காக ஒரு வருடமாக அல்சூர் ஏரியை எழுதிக்கொண்டிருந்தான். ஆமாம், எழுதிக்கொண்டிருந்தான். கணினியில் ஏரியைச் சுற்றி நடக்கலாம், நடுவில் உள்ள தீவுகளைப் பார்க்கலாம். மரமும் மதில் சுவரும் பரவாயில்லை ரகம். தண்ணீர்தான் அதிசயம். மரத்தின் நிழல் அதில் விழும், அலை வந்தால் நிழல் உடையும், பிறகு மெல்ல ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் நிஜ ஏரிக்குப் போய்க் கல்லை எறிந்துவிட்டு உட்கார்ந்து பார்ப்பான். காவலாளி இரண்டு முறை விரட்டியிருக்கிறார். நானும் கூடப் போய் அலுத்துப்போய்த் திரும்பியிருக்கிறேன். எனக்கு அங்கே நாற்றம்தான் தெரிந்தது.

சிக்கல் என்னவென்றால், தண்ணீர் திரைக்குள் வந்ததும் படம் திக்கித் திக்கி நகரும். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய கிராபிக்ஸ் கார்டு, அவ்வளவுதான் அதற்கு மூச்சு. புதுக் கார்டு வாங்க எங்களுக்கு வக்கில்லை. நான் மார்தட்டிக்கொண்டு முன்னால் வந்தேன். கம்பெனி வைத்து அனுப்பிய வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் அதே கார்டை ஓட்டலாம், நான் செய்து தருகிறேன் என்றேன்.

முறையாகவே செய்தேன், அதில் குறை சொல்ல முடியாது. சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் பழைய பசையைச் சுரண்டி எடுத்துப் புதிது தடவினேன். சிப்பின் மேல் பெரிய ஃபேன் மாட்டினேன். வேகத்தை ஐந்து மெகாஹெர்ட்ஸ் ஐந்து மெகாஹெர்ட்ஸாக ஏற்றினேன். சிப்பைத் தனியாக, மெமரியைத் தனியாக. இரண்டையும் சேர்த்து ஏற்றினால் தப்பு எதில் என்று தெரியாது. ஒவ்வொரு படிக்கும் பத்து நிமிடம் சோதனைப் படத்தை ஓட்டி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். கார்டு தாங்காவிட்டால் முதலில் திரையில் வெள்ளைப் புள்ளிகள் வரும். பிறகு உருவங்கள் முக்கோணமாக இழுபடும். பிறகு உறைந்துபோகும். அந்தக் கார்டில் வெப்பம் காட்டும் வசதி கிடையாது, பின்பக்கத்தை விரலால் தொட்டுப் பார்ப்பேன். புள்ளி வந்த இடத்திலிருந்து நிறையக் கீழே இறங்கிவந்து, அங்கே நிறுத்தி, மணிக்கணக்கில் ஓட்ட வேண்டும். 325இல் ஆரம்பித்தது 400இல் வந்து நின்றது. தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடியது. அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

அந்த 400 என் தலைக்கு ஏறியது. இப்படி வேகம் ஏற்றுவதற்கு ஓவர்கிளாக் என்று பெயர், அதைச் செய்கிறவர்கள் கூடிப் பேசும் ஓர் இணையதளம் இருந்தது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதில் என் எண்ணைப் போட்டேன். இந்தக் கார்டில் 400ஆ என்று முகம் தெரியாத புனேக்காரர் ஒருவர் வாயைப் பிளந்தார். கடையில் நாள் முழுக்கத் தூசி தட்டி வசவு வாங்குகிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இதெல்லாம் ஜனவரியில் நடந்தது, கணினிப் பெட்டியான கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு. அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்கள் யாரும் மூடியை மாட்டியதில்லை. அது சுவரோரம் சாய்ந்து தூசி வாங்கிக்கொண்டிருக்கும், திருகுகள் ஒரு தைலப் புட்டியின் மூடிக்குள் கிடக்கும். ஜன்னல் வழியாக வரும் குளிர்காற்று நேராகக் கார்டின் மேல் படும். பெங்களூருக்கு ஃபேனே வேண்டாம் என்று ஊரில் போய்ப் பீற்றிக்கொள்வோமே, அந்தக் குளிர்தான்.

மார்ச்சில் அவனுக்கு இன்டர்வியூ வந்தது. இந்திராநகரில் ஒரு சின்ன கேம் ஸ்டூடியோ. கணினியோடு வந்து ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். முந்தைய ஞாயிறு அவன் அம்மாவைப் பார்க்க ஆம்பூருக்குக் கிளம்பினான். படியில் இறங்கும்போது திரும்பி, "மச்சி, ஆட்டோல தூக்கினு போவும்போது மூடி போடணும் இல்ல? மூடி போட்டு ஒரு தபா ஓட்டிப் பாத்துடு" என்றான். மூடி போட்டால் காற்று படாமல் சூடு உள்ளேயே தங்கும். எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது அவனுக்குத் தோன்றியது. அதிலேயே எனக்கு லேசாக எரிச்சல்.

மூடியை மாட்டி நான்கு திருகையும் முடுக்கினேன். ஏரியை ஓட விட்டேன். இருபது நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு தண்ணீரின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி வந்து மறைந்தது. தண்ணீரில் வெயில் பட்டால் மின்னும் இல்லையா, அப்படித்தான் இருந்தது. அவன் எழுதிய மினுக்கம்தான் என்று சொல்லிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு புள்ளி, தீவின் மரத்தில். மரத்தில் வெயில் மின்னாது என்பது எனக்குத் தெரியும். உடனே ஓட்டத்தை நிறுத்திவிட்டேன்.

பதினைந்து மெகாஹெர்ட்ஸ் குறைத்திருந்தால் போதும். 385. படத்தின் ஓட்டத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. ஆனால் 400 என்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. மத்தியான வெக்கை, அதனால் வந்த புள்ளி, ஸ்டூடியோவில் ஏசி இருக்கும், பத்து நிமிடம்தானே ஓட்டப்போகிறான் என்று பூசி மெழுகிக்கொண்டேன். சாயங்காலம் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தான்.

"மூடி போட்டு ஓட்டினியா?"

"ஓட்டினேன்டா."

"எவ்ளோ நேரம்?"

"நாலு மணி நேரம்."

"ஒண்ணும் வரலியே?"

"ஒண்ணும் வரல. சாப்புடலாம் வா."

அந்தப் பிரியாணியை நான் நன்றாகவே சாப்பிட்டேன்.

இன்டர்வியூ அன்று கேபினெட்டைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் இருவர் மடியிலும் வைத்துக்கொண்டு போனோம். மாட்டிக் கொடுக்க நானும் உள்ளே போனேன். ஓரமாக உட்கார்ந்துகொள்ளச் சொன்னார்கள். ஏசி வேலை செய்யவில்லை, ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் ஓடியதால் ஜன்னலும் சாத்தியிருந்தது. எதிரில் மூன்று பேர். அவர்கள் ஏதேதோ கேட்க, ஏரி பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம் என்று நான் போட்ட கணக்கு அரை மணி நேரத்தைத் தாண்டியது. தண்ணீரைப் பார்த்ததும் ஒருவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார். நிழலை எப்படி உடைக்கிறாய் என்று கேட்டார். அவன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

அவன் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தண்ணீரில் புள்ளிகள் வந்தன. பிறகு தீவு முக்கோணமாக இழுபட்டு வானம் வரைக்கும் போனது. பிறகு எல்லாம் உறைந்துவிட்டது.

"ஆராமாகி மாடி, டென்ஷன் பேடா" என்று கன்னடத்தில் சொன்னார் கிட்டே வந்தவர். பதற்றப்படாமல் நிதானமாக மறுபடி ஓட்டச் சொன்னார்.

என் சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. எழுந்து போய் நான்கு திருகைக் கழற்றி மூடியை எடுத்தால் போதும். எழுந்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று அவனும் கேட்பான். நான் உட்கார்ந்தே இருந்தேன். சூடான கார்டு, இரண்டாம் தடவை ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

"ஹார்டுவேர் பிரச்சினையா இருக்குமா?" என்று அவர் கேட்டார்.

"இல்ல சார். ஹார்டுவேர் என் ஃப்ரெண்டு ஃபுல்லா டெஸ்ட் பண்ணிட்டான். நான் எழுதின ப்ரோகிராம்லதான் எங்கியோ தப்பு இருக்கு" என்றான் அவன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு நம்பிக்கை. இரண்டு வாரத்தில் சரி செய்து கொண்டுவா என்றார்கள்.

அன்று சாயங்காலம் அவன் கீழே தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது வேகத்தை 385க்குக் குறைத்தேன். அடுத்த நாள் அவன் ஆபீசுக்குப் போனதும், கடைக்கு லீவு போட்டுவிட்டு, மூடியை மாட்டிப் பொழுது சாயும்வரை ஓட்டினேன். ஒரு புள்ளிகூட வரவில்லை. அப்பாடா, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மடையன் நான்.

அவனுக்குத் தீரவில்லை. இல்லாத தப்பைத் தேட ஆரம்பித்தான். தண்ணீருக்காக எழுதியதையெல்லாம் காகிதத்தில் அச்செடுத்து வரி வரியாகச் சிவப்புக் கோடு போட்டான். வீட்டில் எப்படி ஓட்டினாலும் உறையவில்லை. அது அவனை இன்னும் பயமுறுத்தியது. எப்போது வரும் என்று தெரியாத தப்பைவிட மோசமானது எது? சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவான். எனக்கு எதுவும் தெரியாது போலிருக்கு மச்சி என்றான் ஒரு நாள். நான் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது இன்டர்வியூவுக்கு இரண்டு நாள் முன்பு ஏரித் தண்ணீரை எடுத்துவிட்டான். அந்த இடத்தில் பச்சையாகத் தட்டையான ஒரு தரை. பாசி படிந்த குளமாம்.

"தண்ணி இருக்கட்டும்டா. ஒண்ணும் ஆவாது" என்றேன்.

அவன் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தான். "எப்படிச் சொல்ற?"

அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அவன் உண்மையிலேயே காத்திருந்தான். நான் அந்தப் பதிலை மென்று விழுங்கிவிட்டு, "சும்மா தோணுச்சு" என்றேன்.

"தோணறத நம்பி ரெண்டாவது தபா அசிங்கப்பட முடியாதுடா" என்று சொல்லித் திரும்பிக்கொண்டான்.

இந்த முறை நான் கூடப் போகவில்லை, கடையில் வேலை இருக்கிறது என்றேன். மத்தியானம் அவன் கேபினெட்டோடு நேராகக் கடைக்கே வந்தான். ஒரு தடவைகூட உறையவில்லையாம்.

"தண்ணி எங்கேன்னு கேட்டாங்க மச்சி. எடுத்துட்டேன்னேன். அதப் பாக்கத்தான் மறுபடி கூப்பிட்டோம்னு சொன்னாங்க." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. கவுன்ட்டரின் மேல் அந்தக் கேபினெட்டை வைத்துக்கொண்டு எதிரில் நின்ற அவனைப் பார்க்க முடியாமல், டீ சொல்கிறேன் என்று வெளியே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவன் எந்த ஸ்டூடியோவுக்கும் எழுதிப் போடவில்லை. வங்கிகளுக்கு மென்பொருள் செய்யும் கம்பெனியில் சேர்ந்தான். அறையைக் காலி செய்யும்போது கணினியை எனக்கே விட்டுவிட்டுப் போனான். பழைய ஏரி அதில் இருந்தது, தண்ணீரோடு. அழிக்க அவனுக்கு மனம் வரவில்லை போல. நான் அதை ஒரு நாளும் திறக்கவில்லை.

அடுத்த வருடம் அவன் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். உள்ளே இருப்பவர் கைகாட்டினால்தான் வெளியே இருப்பவனுக்குக் கதவு திறக்கும், இந்த ஊரில் வேலை அப்படித்தான் கிடைக்கும். கேட்காமலேயே அவன் என் பெயரைக் கொடுத்தான். கடைக்குப் போன் செய்து, படிவத்தில் என்னைப் பற்றி எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டினான்.

"இவன் டெஸ்ட் பண்ணி ஓகேன்னு சொல்லிட்டா, அப்புறம் தப்பு நம்மளோடதாதான் இருக்கும். அப்படி எழுதியிருக்கேன். சரியா இருக்கா?"

கையில் யாருடையதோ ஒரு மதர்போர்டு இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

"சரியா இருக்குடா" என்றேன். அந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன்.